பலகையில் நான்கு கோடுகள்

தொயாமா
2017 ஜனவரி 11

மிகாமிக்கு,

இந்த வருடம் பனி தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் நிற்கவில்லை. மூன்று நாளாக மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹிரோசாகியில் உன் கூரைமேல் எத்தனை அடி நிற்கிறதோ.

முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகப் புத்தாண்டுக்கு உன்னிடமிருந்து எந்த அட்டையும் வரவில்லை. பத்தாம் தேதிவரை பார்த்தேன். தொலைபேசியையும் நீ எடுப்பதில்லை. உன் முகவரியை ஜிம் நடத்தும் ஒகுரா அம்மாவிடம் வாங்கினேன். "உங்ககிட்டக்கூடச் சொல்லிக்காமலா போனாரு?" என்று கேட்டாள். 

என் நிலையைச் சொல்கிறேன். இடது காரையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய பேஸ்மேக்கர் ஒன்று இருக்கிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் சேதி அறுந்துவிட்டது. இப்போது அந்தப் பெட்டிதான் சேதி சொல்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை நீ என் நெஞ்சை அழுத்தியதில் உடைந்த இரண்டு விலா எலும்புகளும் கூடிவிட்டன. "அழுத்துனவரு சரியா அழுத்தியிருக்காரு. ஒடையலேன்னா நீங்க இங்க ஒக்காந்திருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். இதை உன்னிடம் நேரில் சொல்ல நினைத்திருந்தேன்.

அக்டோபர் 14, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. நூற்றுப்பத்து கிலோ மாட்டிய இரும்பு பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட்டில் குந்தி இறங்கினேன், எழவில்லை. இதுகூட என் மனைவி கினுகோ சொல்லித் தெரிந்ததுதான்.

மார்ச் நடுவில் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. நாற்பது கிலோ. இரண்டு நிபந்தனைகள்: பார் பெட்டியின்மேல் படக்கூடாது, பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். கினுகோவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கோ, இனி அந்தப் பாருக்கு அடியில் போகவே முடியாது என்றால் மீதி நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் நிற்கும் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். பெட்டிக்குள் உடம்பின் அசைவை உணரும் பொறி ஒன்று இருக்கிறது. அசைந்தால் துடிப்பை ஏற்றும், உட்கார்ந்தால் இறக்கும், எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். நேற்று ஆஸ்பத்திரியில் அந்தக் கருவிகளைச் சோதிக்கும் தெராஷிமா என்ற பெண் ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள்.

"திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்கு என்ன பண்றீங்க, ஹமதானி சான்?"

"வீட்ல ஒக்காந்து ஆரஞ்சு உரிக்கிறேன்."

"ரொம்ப பலமாத்தான் உரிக்கிறீங்க" என்று சிரித்தாள்.

அந்த மூன்று நாட்களிலும் நாலு மணியிலிருந்து, ஐந்தைந்து நிமிட இடைவெளியில், கோடு மேலே ஏறி இறங்கியிருந்தது. ஆறு முறை. ஆறாவது ஏற்றம் பாதியில் நின்றிருந்தது.

நமக்கு எப்போதும் ஐந்து செட்தான், செட்டுக்கு ஐந்து முறை இறங்கி எழுவது. ஆறு எங்கிருந்து வந்தது?

ஹமதானி யோஷிஹரு


ஹிரோசாகி
ஜனவரி 19

ஹமா,

இங்கே பனி இடுப்பு உயரம். அக்கா நவம்பரில் போய்விட்டாள். துக்க வீட்டிலிருந்து யாராவது புத்தாண்டு அட்டை போடுவார்களா? தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை, அதனால்தான் வந்தேன். வேறொன்றும் இல்லை.

உயிரோடு இருக்கிறாய். போதும். ஒரு பெட்டி ஆப்பிள் தனியாக அனுப்பியிருக்கிறேன். அடிவரிசையில் இருப்பவை அடிபட்டவை, முதலில் அவற்றைத் தின்னுங்கள்.

ஆறு ஏற்றம் என்றால் நீ வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். முப்பது வருடம் தொழிற்சாலையில் ஜன்னல் சட்டத்தை அளந்தவனுக்கு அதுகூடவா தெரியாது?

அறுபத்து மூன்று வயதில் இரும்பு எதற்கு? நட. கினுகோவோடு வெந்நீர் ஊற்றுக்குப் போய் வா. பின்னால் நிற்க என்னால் முடியாது. மரங்களுக்குக் கிளை வெட்டும் வேலை தலைக்குமேல் இருக்கிறது.

மிகாமி


தொயாமா
பிப்ரவரி 2

மிகாமிக்கு,

ஆப்பிள் வந்தது. அடிவரிசையில் ஒன்றுகூட அடிபடவில்லை.

துக்கம் என்றால் டிசம்பரிலேயே "இந்த ஆண்டு வாழ்த்து இல்லை" என்ற அறிவிப்பு அட்டை வந்திருக்க வேண்டும். உன் அப்பா போனபோது அனுப்பினாய். உன் அம்மா போனபோதும் அனுப்பினாய். உன் அக்காவுக்காக வருந்துகிறேன். ஆனால் நீ போனதற்குக் காரணம் அவள் இல்லை.

நீ சொன்னதைச் சோதித்தேன். வாஷிங் மெஷினை மூன்று நாட்கள் நிறுத்திவைத்தோம். மாடி அறையில் இருந்து பார்த்தேன், பின்கட்டில் இருந்து பார்த்தேன். ஒரு புதன்கிழமை தம்ளர் நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு நாலிலிருந்து நாலரைவரை அசையாமல் உட்கார்ந்தேன். "தவம் பண்றீங்களா, சிலையாகப் போறீங்களா?" என்று கினுகோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் கால்கள் வேலை செய்வதுபோல அடித்தது. அடித்தது, அடங்கியது. ஆறு முறை. ஆறாவது அடங்கவில்லை, அறுந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இதுதான் கிடைத்தது.

நேற்று ஜிம்முக்குப் போனேன். பாரைத் தொடவில்லை. நம் மூலையில் கரும்பலகை அப்படியே இருக்கிறது. உன் கையெழுத்தில் 10/14 என்ற தேதி. அதன் கீழே, செட்டுக்கு ஒரு கோடாக நீ வரையும், ஐந்து கோட்டில் முழுமையாகும் அந்த எழுத்து, ஐந்தாவதான அடிக்கோடு இல்லாமல், நான்கு கோட்டோடு நிற்கிறது. "தொடைக்கக் கை வரல" என்றாள் ஒகுரா அம்மா.

நான்கு கோடு என்றால் நான்கு செட் முடித்திருக்கிறேன், ஐந்தாவதில் விழுந்திருக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் உடம்பு வேறு கணக்குச் சொல்கிறது.

ஒரே கேள்வி. அன்று நான் எத்தனை செட் செய்தேன்?

ஹமதானி


ஹிரோசாகி
பிப்ரவரி 6

ஹமா,

ஐந்தாவதில் விழுந்தாய். பலகையே சொல்கிறதே, பிறகு என்னை ஏன் கேட்கிறாய்?

உன் தம்ளர் கதையைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதையெல்லாம் இனி எழுதாதே.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கே ஆப்பிள் பெட்டி அடுக்கும் கொட்டகையில் ஒரு பாரும் அதைத் தாங்கும் பழைய ராக் ஒன்றும் போட்டிருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, நாலு மணி. பழக்கம் விடவில்லை. தனியாகத்தான். ஐந்து செட்.

மிகாமி


தொயாமா
பிப்ரவரி 27

மிகாமிக்கு,

இன்று மறுபடி பரிசோதனை. டிராமில் போகும்போது கால்வாய் ஓரத்தில் பனி கரைந்து மண் தெரிந்தது.

இந்த மாத ஆரம்பத்தில் போனபோதே, துடிப்பை ஏற்றும் வேலையைத் தெராஷிமா நிறுத்திவைத்திருந்தாள். பொறி பதிவு மட்டும் செய்யும், இதயத்தைத் தொடாது. இப்போது நாலு மணிக்கு எனக்குள் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் பதிவு நிற்கவில்லை. நான் அசையாத நேரத்தில் என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ ஆறு முறை இறங்கி ஏறுகிறது. ஆறாவது முறை இறங்குகிறது, அவ்வளவுதான். கருவியில் கோளாறா என்று கம்பெனி ஆளையே வரவழைத்துப் பார்த்தார்கள். கோளாறு இல்லை.

மாதம் முழுவதற்குமான தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தோம். திங்கள், புதன், வெள்ளி ஒன்றுவிடாமல் ஆறு. ஒரே ஒரு நாள் மட்டும் கோடு தட்டையாக ஓடியிருக்கிறது. பிப்ரவரி 8, புதன்.

"அன்னிக்கு லீவு விட்டுட்டாங்க போல" என்றாள் தெராஷிமா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8 அன்று நீ என்ன செய்தாய், மிகாமி?

ஹமதானி


ஹிரோசாகி
மார்ச் 4

ஹமா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

பிப்ரவரி 8 காலையில் கூரைப் பனியைத் தள்ளும்போது ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி. அன்று கொட்டகைக்குப் போகவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

ஐந்து செட் என்று எழுதினேன். பொய். இங்கே வந்த நாளிலிருந்து ஆறு செய்கிறேன். ஆறாவதில் மூன்றாம் முறை இறங்கியதும் எழுவதில்லை. நீ எந்த ஆழத்தில் நின்றாயோ அந்த ஆழத்தில், கால் நடுங்கி நானாக விழும்வரை இருக்கிறேன். கீழே இரும்புக் குழாய் வைத்திருக்கிறேன், பாரை அது தாங்கிக்கொள்ளும். ஏன் செய்கிறேன் என்று கேட்காதே.

அக்டோபர் 14 அன்று நீ செய்தது ஆறு, ஹமா.

பலகையில் ஒரு கோடு போடாமல் திருடுவது நம் இரண்டு பேருக்கும் பழைய விளையாட்டு. எனக்கு எத்தனை முறை செய்திருக்கிறாய்! ஒரு செட் கூடுதலாக வாங்கிவிட்டு, நான் வாந்தியெடுத்ததும் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாயே. அன்று என் முறை. இரண்டாவது செட் முடிந்து நீ பார்லித் தேநீர் குடிக்கப் போனபோது நான் கோடு போடவில்லை. ஐந்து முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தாய். முகம் மாவுபோல இருந்தது.

"கண்ணு மங்குது மிகாமி. இதோட போதும்னு பாக்குறேன்."

"கெழவனுக்குக் கண்ணு மங்காம என்ன பண்ணும்? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"அஞ்சு முடிச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"பலகை பொய் சொல்லுமா?"

நீ பலகையைப் பார்த்தாய். எழுதிவைத்ததை நம்புகிறவன் நீ. நான்கு கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாய், எழுந்தாய், பாருக்கு அடியில் போனாய். மூன்றாவது முறை நீ இறங்கியபோது நான் உன் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு நிற்க இரண்டு வினாடி ஆனது. நெஞ்சை அழுத்தியதைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

நீ திரும்ப ஆரம்பிப்பது பதினேழாம் தேதியா? வரச் சொன்னால் வருகிறேன்.

மிகாமி சதாவோ


தொயாமா
மார்ச் 8

மிகாமிக்கு,

வராதே.

திருட்டு எனக்குப் பெரிதில்லை. நானும் செய்தவன்தான். கண் மங்குகிறது என்று நான் சொன்ன பிறகும் பலகையைக் காட்டினாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

கொட்டகையில் ஆறாவது செட்டை நிறுத்து. அது உன்னுடையது இல்லை.

ஹமதானி


தொயாமா
மார்ச் 19

மிகாமிக்கு,

இனி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பதினேழாம் தேதி நாலு மணிக்கு ஜிம்முக்குப் போனேன். கினுகோ வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை. ஒகுரா அம்மா பின்னால் நிற்கச் சம்மதித்தாள். "எழுபத்தி ரெண்டு வயசுல எனக்கே ஒரு ஆள் பின்னால நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

முதலில் பலகையை நானே ஈரத்துணியால் துடைத்தேன். அக்டோபர் போனது. தேதி போட்டேன். சாக்பீஸை வேறு யாரும் தொடவில்லை.

நாற்பது கிலோ. பாரைத் தோளுக்குப் பின்னால் வாங்கும்போது பெட்டி இருக்கும் இடம் இழுத்தது, வலிக்கவில்லை. முதல் முறை இறங்கி எழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒகுரா அம்மா வேறு பக்கம் பார்த்தாள். ஐந்து முறை, ஒரு கோடு. ஐந்து முறை, இரண்டாவது கோடு. அப்படியே ஐந்து செட். ஐந்தாவது கோட்டை அடியில் நீளமாக இழுத்தேன். எழுத்து முடிந்தது. சாக்பீஸ் ஒடிந்து ஒரு துண்டு என் ஷூமேல் விழுந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வரைந்தேன் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒகுரா அம்மா பலகைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே, ஹமதானி சான்."

பலகையில் நான்கு கோடுகள். அடிக்கோடு இல்லை. அழித்த தடமும் இல்லை. அந்த இடத்தில் பலகை காய்ந்து கருப்பாக இருந்தது.

"அஞ்சு முடிச்சிட்டேன்மா. நீங்கதானே பின்னால நின்னீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பலகை பொய் சொல்லுமா?" என்றாள்.

அக்டோபரில் நீ அதைச் சொன்னபோது அவள் முன்னறையில் இருந்தாளாம், காதில் விழுந்திருக்காது. உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை.

 கால்கள் தாமாக ராக் பக்கம் திரும்பின. உண்மையைச் சொல்கிறேன், போயிருப்பேன். வாசலில் கினுகோ, "ஏங்க, டிராம் வருது" என்று கூப்பிட்டாள். மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று நாலு மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

ஹமதானி


ஹிரோசாகி
மார்ச் 24

ஹமா,

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்ததிலிருந்து கொட்டகையில் ஐந்துதான் செய்கிறேன். ஆறாவதைத் தொடவில்லை. இது பொய்யில்லை.

பதினேழாம் தேதி அதுகூடச் செய்யவில்லை. நாலு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நீ இப்போது இறங்கியிருப்பாய், இப்போது எழுந்திருப்பாய் என்று கடிகாரத்தைப் பார்த்து, செட்டுக்கு ஒரு கோடு விரலால் போட்டேன். ஐந்து போட்டேன், ஹமா. ஒன்றைக்கூட விடவில்லை. ஐந்தாவது கோட்டிலிருந்து நீர் வழிந்து சட்டத்தில் சொட்டியது.

இந்த முறை நான் எடுக்கவில்லை. என்னை நம்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

மிகாமி


தொயாமா
மார்ச் 29

மிகாமிக்கு,

நம்புகிறேன். பதிவு வந்துவிட்டது.

மார்ச் மாதம் முழுவதும் ஆறு. நீ நிறுத்திய பிறகும் ஆறு. பதினேழாம் தேதி நான் செய்த ஐந்தும் தெளிவாக இருக்கிறது. அதன்பின் நான் டிராமில் கினுகோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆறாவது இருக்கிறது. மூன்றாம் இறக்கத்தில் அறுந்திருக்கிறது.

இதைச் செய்வது நீ என்று நினைத்தேன். நீயும் அப்படியே நினைத்திருப்பாய். பிப்ரவரி 8 அன்று உனக்காக நின்றது, இப்போது நீ இல்லாமலே நடக்கிறது. நம் இரண்டு பேரில் யாருமில்லை. அந்த செட்டேதான். அக்டோபரில் ஆரம்பித்தது, மூன்று முறை இறங்கியது, எழவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நீ ஹிரோசாகிக்குப் போனாய். அதை யாரும் முடிக்கவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. அதை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது கேட்பது வேறு. மூன்றாவது இறக்கத்திலிருந்து எழ வேண்டும், பிறகு மீதி இரண்டு முறை. நாற்பது கிலோ போதும் என்று நினைக்கிறேன். டாக்டரின் நிபந்தனை உனக்குத் தெரியும். அன்று பின்னால் நின்ற ஆள்தான் இன்றும் நிற்க வேண்டும். எழுந்ததும் கோட்டை நீ போடு.

ஏப்ரல் 7, வெள்ளி, நாலு மணி.

ஹமதானி யோஷிஹரு


ஹிரோசாகி
ஏப்ரல் 4

ஹமா,

வருகிறேன். வியாழக்கிழமை இரவு கினுகோவின் சமையல் உண்டா, இல்லை வாசலிலேயே அடி விழுமா என்று கேட்டு வை. சாக்பீஸ் நானே புதிதாகக் கொண்டுவருகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நேற்று திங்கள். நாலு மணிக்கு வெயிலில், கொட்டகைக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பாரை ராக்கிலிருந்து தூக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நம் இரண்டு பேருக்கும் தூக்கத்திலும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வைக்கும் சத்தம். ஐந்து நிமிட இடைவெளி. மறுபடி தூக்கும் சத்தம், வைக்கும் சத்தம்.

நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. எண்ணினேன்.

தூக்கும் சத்தம் ஆறு. வைக்கும் சத்தம் ஐந்து.

இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்று காலையிலும் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். இன்னும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைவரை தாங்கட்டும்.

மிகாமி சதாவோ